பழைய தோல் மேற்சட்டையின் மறுபிறவி

2016-ஆம் ஆண்டு ஜூலை மாதம் லண்டன் மாநகரத்தில், கிறிஸ்டீஸ் என்னும் புகழ்பெற்ற ஏல ஸ்தாபனத்தில், ஓரங்கள் தேய்ந்து, நிறம் மங்கி, புகையிலை நெடி இன்னும் நீங்காதிருந்த பழுப்பு நிறத் தோல் மேற்சட்டை ஒன்று ஏலத்துக்கு வந்தது. அதை 1,10,500 பவுன் கொடுத்து வாங்கியவர்கள் அமெரிக்காவின் லெவி ஸ்ட்ராஸ் கம்பெனியார். அதாவது, ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்கு முன்னால் அந்தச் சட்டையைத் தயாரித்து விற்றவர்களே. தான் விற்ற சரக்கைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு வியாபாரி இவ்வளவு பெரிய தொகை கொடுப்பது உலக வழக்கமல்ல; ஆனால் அந்தச் சட்டையை அணிந்திருந்தவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்.

1933-ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று பிரின்ஸ்டனில் குடியேறிய அந்த மேதை, முப்பதுகளின் நடுவில் தமக்கு வாய்த்த இந்த மேற்சட்டையைப் பல ஆண்டுகள் விடாமல் அணிந்தார். அவரோடு சேர்ந்து பணியாற்றிய லியோபோல்ட் இன்ஃபெல்ட் என்னும் பௌதிக சாஸ்திரி, தேவைகளைக் குறைத்துக்கொள்வதனால் மனிதனுக்குச் சுதந்திரம் பெருகுகிறது என்னும் ஐன்ஸ்டீனுடைய சித்தாந்தத்துக்கு உதாரணம் சொல்ல வந்தபோது, கோட்டு வாங்கும் கவலையை அந்த ஒரு தோல் சட்டை பல ஆண்டுகளுக்குத் தீர்த்து வைத்தது என்று எழுதியிருக்கிறார். 1938 ஏப்ரலில் வெளியான ‘டைம்’ பத்திரிகையின் அட்டையில் ஐன்ஸ்டீன் காட்சியளிப்பதும், அதே ஆண்டில் லாட்டே ஜாகோபி என்ற பெண்மணி எடுத்த பிரசித்தமான புகைப்படத்தில் அவர் காகிதமும் பேனாவுமாக அமர்ந்திருப்பதும் இந்தச் சட்டையோடுதான்.

ஏலத்தில் எடுத்த கம்பெனியார் அதைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூட்டிவிடவில்லை. ‘மென்லோ கோசாக்’ என்று முப்பதுகளில் வழங்கிய அந்த மாதிரியை மறுபடியும் தைத்து, ஐந்நூறே சட்டைகள் என்று வரையறுத்து, 2018-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஐன்ஸ்டீன் குழாயில் புகைத்த புகையிலையின் வாசனை பழைய சட்டையில் ஊறிப்போயிருந்தது அல்லவா? அந்த வாசனையையும் வாங்குகிறவர்கள் இழந்துவிடக் கூடாது என்று கருதி, புகையிலை, பழஞ்சுவடி, பழந்தோல் இவற்றின் மணம் கமழும்படி புரூக்ளினிலுள்ள வாசனைத் திரவியக்காரர்களைக் கொண்டு தயாரித்த சிறு குப்பி ஒன்றையும் சட்டையோடு சேர்த்துக் கொடுத்தார்கள். மூளையையும் குப்பியில் அடைக்க வழியிருந்தால் அதையும் சேர்த்திருப்பார்களோ என்று கேலி செய்யத் தோன்றுகிறது.

கேலி ஒருபுறம் இருக்க, அந்தக் குப்பி ஒரு மெய்யான கேள்வியை எழுப்பாமல் இல்லை. ஐன்ஸ்டீனுடைய சட்டை கடையிலிருந்து வந்த அன்று அதில் புகையிலை நெடி கிடையாது. முழங்கையில் சுருக்கம் கிடையாது. ஓரங்களில் தேய்வு கிடையாது. அன்று அது முரட்டுப் புத்தாடை. அப்படியானால் பழைய சட்டை ஒன்றை இன்றைய மனிதருக்காக மறுபடியும் உண்டாக்குகிறேன் என்று புறப்படுகிறவன், கடையை விட்டு வெளியே வந்த அன்றைய சட்டையை உண்டாக்க வேண்டுமா, அல்லது ஏலத்துக்கு வந்த அன்றைய சட்டையை உண்டாக்க வேண்டுமா? இந்தத் தொழிலில் உள்ள வாதப் பிரதிவாதங்கள் எல்லாம் சுற்றிச் சுற்றி இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கின்றன.

இதை மிகுந்த சிரத்தையோடு, சில சமயம் வெறியோடு என்றே சொல்லலாம், ஆராய்ந்து வருகிறவர்கள் ஏ-2 என்னும் விமானிச் சட்டையின் அபிமானிகள். அமெரிக்கச் சேனையின் ஆகாயப் படை 1931-ஆம் ஆண்டு மே மாதத்தில் தன் விமானிகளுக்கென அங்கீகரித்த உடுப்பு அது. இடுப்போடு நின்றுவிடும் குட்டையான உடல், மணிக்கட்டிலும் இடுப்பிலும் காற்றுப் புகாதபடி இறுக்கிப் பிடிக்கும் கம்பளிப் பின்னல் பட்டைகள், முன்புறம் மேலிருந்து கீழ்வரை ஜிப், அதற்குப் பின்னால் குளிர்காற்றைத் தடுப்பதற்கென ஒரு தோல் மடிப்பு, காலரின் நுனிகள் காற்றில் அடித்துக்கொள்ளாதபடி கண்ணுக்குத் தெரியாமல் அடியில் பொருத்திய டிச் பட்டன்கள், தோளில் பட்டிகள், மூடியோடு கூடிய இரண்டு பைகள், முதுகு முழுவதும் ஒட்டுப்போடாத ஒரே தோல். பைகளில் பக்கவாட்டாகக் கையை நுழைத்துக் குளிர்காய வழி கிடையாது. சிப்பாய் என்பவன் பைக்குள் கைவிட்டுக்கொண்டு நிற்கலாகாது என்ற இராணுவ ஒழுங்கே காரணம் என்று சொல்வார்கள்.

விதிமுறைகளை எழுதியது சர்க்கார். தைத்தவையோ ரஃப் வேர், ஏரோ லெதர், டுபோ, பெர்ரி, ஸ்டார் என்று பல தனியார் கம்பெனிகள். ஆகையால் ஒரே விதிக்குக் கட்டுப்பட்ட சட்டைகளிலேயே ஒன்றின் காலர் அகன்றும் மற்றொன்றின் காலர் கூர்ந்தும், ஒன்றின் பைமூடி வளைந்தும் மற்றொன்றின் பைமூடி நேராகவும் அமைந்துவிட்டன. இன்றைய அபிமானி ஒருவர் பழைய சட்டையின் முத்திரைச் சீட்டைப் பார்க்காமலேயே, காலரை மட்டும் பார்த்து இன்ன கம்பெனி என்று சொல்லிவிடுவார். 1943-இல் யுத்தத்தின் நடுவிலேயே புதிய ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டு, துணியாலான சட்டைகள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ஆனாலும் போர் முடிந்து வீடு திரும்பிய வாலிபர்களின் மார்பிலும், பின்பு திரைப்படங்களிலும் இடம்பெற்று அது வீரத்தின் அடையாளமாகவே நிலைத்துவிட, 1988-இல் அமெரிக்க விமானப் படையே அதை மீண்டும் உத்தியோக உடுப்பாக ஏற்றுக்கொண்டது.

இதை ஆதிகால மாதிரிக்குத் துளியும் பிசகாமல் திரும்பச் செய்யும் கலை அமெரிக்காவில் வளர்ந்ததைக் காட்டிலும் ஜப்பானிலும் இங்கிலாந்திலும் வளர்ந்தது என்பது விசித்திரம். யுத்தத்தில் தோற்ற தேசத்து இளைஞர்கள், வென்றவர்களின் பழைய உடுப்புகளை டோக்கியோவின் உபரிச் சரக்குக் கடைகளில் வாங்கி அணியத் தொடங்கி, பின்னர் சேகரித்து, பின்னர் பிரித்துப் பார்த்து, கடைசியில் அசலைச் செய்தவர்களைவிடவும் சுத்தமாகத் தைக்கலானார்கள். 1993-இல் தொடங்கிய பஸ் ரிக்சன்ஸ் என்ற ஜப்பானிய ஸ்தாபனத்துக்கு வாய்த்த பெயரே, விமானிகளைப் பற்றிய ஒரு பழைய திரைப்படத்தில் வரும் கதாபாத்திரத்தின் பெயர்தான். அந்த ஸ்தாபனத்தைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. வில்லியம் கிப்ஸன் என்னும் நாவலாசிரியர் 2003-இல் வெளியான தம் நாவலின் கதாநாயகிக்கு அவர்கள் தயாரித்த கறுப்பு நைலான் விமானிச் சட்டை ஒன்றை அணிவித்துவிட்டார். அப்படி ஒரு கறுப்புச் சட்டையை அவர்கள் செய்ததே இல்லை. படித்தவர்கள் கேட்டுக்கேட்டுத் தொல்லைப்படுத்தவே, ஒரு காலத்திலும் இருந்திராத அந்தப் பழைய சட்டையையும் அவர்கள் செய்து விற்க வேண்டியதாயிற்று.

மறு உருவாக்கத்தில் முதல் இடையூறு தோல். முப்பதுகளின் தோல் சட்டைகளுக்குப் பெரும்பாலும் குதிரைத் தோலைத்தான் உபயோகித்தார்கள். அதன் நார்கள் நெருக்கமானவை, மேற்பரப்பு வழவழப்பானது, புதிதில் விறைப்பாக நின்று, நாளடைவில் அணிகிறவரின் உடற்கட்டுக்குப் பணிந்து, மடிப்புகளில் பளபளப்பேறிப் போவது. ஏரிலும் வண்டியிலும் குதிரை உழைத்த காலத்தில் அந்தத் தோல் மலிவாகக் கிடைத்தது. டிராக்டரும் லாரியும் வந்த பிறகு குதிரை லாயங்கள் காலியாகி, யுத்தத்துக்குப் பின் மாட்டுத் தோலே எங்கும் ஆக்கிரமித்துக்கொண்டது. ஆகவே அன்று சிக்கனத்துக்காகத் தேர்ந்தெடுத்த பொருளை இன்று ஆடம்பர விலைக்கு, ஜப்பானில் ஹிமேஜி நகரத்துப் பதனிடுவோரிடமிருந்தும், குதிரை இறைச்சியை உண்ணும் வழக்கமுள்ள ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் தேடி வாங்க வேண்டியிருக்கிறது. ஏ-2 சட்டைகளில் ஒரு பகுதி ஆட்டுத் தோலிலும் தைக்கப்பட்டது. மேற்பரப்பில் நுண்ணிய பருக்கள் தெரியும் அந்தத் தோல், கனம் குறைவாயினும் உறுதியில் குதிரைக்குச் சளைத்ததல்ல. விலையும் ஓரளவு கைக்கு எட்டும். குதிரைத் தோல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களில் பலருக்கு ஆட்டுத் தோலே நன்றாகப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

தோலின் ஜாதியைவிட முக்கியமானது அதைப் பதனிடும் முறை. மரப்பட்டைகளின் சாற்றில் வாரக்கணக்கில் ஊறப்போட்டுப் பதனிடுவது ஆதிகால வழி. குரோமிய உப்புகளைக்கொண்டு ஓரிரு நாளில் முடித்துவிடுவது பிந்திய வழி. அமெரிக்காவில் 1884-இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவரும், 1893-இல் மார்ட்டின் டென்னிஸ் என்பவரும் பெற்ற உரிமங்கள் அதற்கு வித்திட்டன. பட்டைச் சாற்றுத் தோலைக் கத்தியால் குறுக்கே அறுத்துப் பார்த்தால் உள்ளேயும் பழுப்பாக இருக்கும். குரோம் தோலை அறுத்தால், சாயம் உள்வரை இறங்காதிருக்கும் பட்சத்தில், நடுவில் நீலம் பாய்ந்த சாம்பல் நிறம் தெரியும். முன்னது வெயிலில் கறுத்து, உராய்வில் மெருகேறி, வயதைக் காட்டிக்கொண்டே வரும். பின்னது மென்மையானது, நீரையும் சூட்டையும் தாங்குவது, ஆனால் முதல்நாள் இருந்த முகத்தோடேயே கடைசிவரை இருக்க முயல்வது. பழைய மேற்சட்டைகளில் முதல் வகையும் உண்டு, இரண்டாவது வகையும் உண்டு, இரண்டையும் கலந்து செய்ததும் உண்டு.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டாருக்கு அந்நியமாக ஒன்றுமில்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட சென்னை ராஜதானித் தோல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கப்பலேறி இங்கிலாந்து சென்றன. முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுகளுக்கு மேல்தோலாக அமைந்தவை அவையே. குரோம் முறை சென்னைக்கு வந்ததற்கு, ஒரு தோல் கம்பெனியினால் பெயர் பெற்ற குரோம்பேட்டையே சாட்சி. அடையாற்றில் 1948-இல் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்துப் பதனிடும் ஆலைகளும், வெளிநாட்டு முத்திரைகளுக்காகத் தோல் உடைகள் தைத்து அனுப்பும் சென்னை ஆலைகளும் இந்தத் தொழிலில் நமக்குள்ள பங்கைச் சொல்லும். அந்தத் தொழில் பாலாற்றுக்கு இழைத்த தீங்கையும், அதன் பொருட்டு 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு வழங்கிய கண்டிப்பான தீர்ப்பையும் மறந்துவிட்டுத் தோலின் அழகை மட்டும் வர்ணிப்பது நேர்மையாகாது. இன்றைய மனிதருக்காகச் செய்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் சட்டை, அது எந்த ஆலையில் பதனான தோல், அந்த ஆலைக் கழிவு நீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டது.

சாயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. பழைய கறுப்புச் சட்டை ஒன்றின் முழங்கையை உற்றுப் பாருங்கள். மடிப்பின் முகட்டிலும், பைமூடியின் விளிம்பிலும், காலர் கழுத்தில் உராயும் இடத்திலும் கறுப்பு விலகி, அடியிலிருந்து செம்பழுப்பு எட்டிப் பார்க்கும். அந்தக் காலத்தில் பழுப்பாகப் பதனிட்ட தோலின் மேல்பரப்பில் மட்டும் கறுப்பை ஏற்றினார்கள். சாயம் உள்ளே இறங்கவில்லை. நவீன முறையில் பெரிய மரப் பீப்பாயில் போட்டு உருட்டும்போது சாயம் தோலின் உள்வரை ஊடுருவிவிடுவதால், எத்தனை தேய்ந்தாலும் கறுப்புக்கு அடியில் கறுப்பே வரும். பழைய முறையின் குறையை ஜப்பானியர்கள் குணமாகக் கண்டுபிடித்து, உள்ளே தேயிலை வடிநீரின் நிறமும் வெளியே கறுப்புமாக இருக்கும்படி வேண்டுமென்றே தோலைத் தயாரிக்கச் செய்தார்கள். இதை நான் மெச்சுகிறேன்; ஏனென்றால் இங்கே முதுமையைத் தயாரிக்கவில்லை, முதுமை வருவதற்கு வழி மட்டும் செய்து வைக்கிறார்கள்.

தோல் கிடைத்த பிறகு அளவு. அசல் சட்டை ஒன்றை மேஜைமேல் விரித்து அங்குல நாடாவால் அளந்து அப்படியே வெட்டினால் சட்டை சரியாக வராது. எண்பது ஆண்டுகளில் தோள் தொங்கியிருக்கும். கைகள் நூறு மடிப்புகளால் சுருங்கி அரை அங்குலமோ ஓர் அங்குலமோ குறைந்திருக்கும். முதுகு ஒரு பக்கமாக இழுபட்டிருக்கும். நாம் அளப்பது தையற்காரன் வெட்டிய சட்டையை அல்ல, அதன் பிறகு அது வாழ்ந்த வாழ்க்கையை. ஆகவே கைதேர்ந்தவர்கள், ஒருவரும் அணியாமலே கிடங்கில் கிடந்த சட்டை எங்கேனும் அகப்படுமா என்று தேடுகிறார்கள்; அல்லது இனி அணியவே முடியாதபடி சிதைந்த ஒன்றை வாங்கி, தையலைப் பிரித்து, தையலுக்குள் மறைந்திருந்த விளிம்புகளைக் கொண்டு மூல வடிவத்தை ஊகித்து, முதலில் காடாத் துணியில் வெட்டித் தைத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். துணி எத்தனை வீணானாலும் பரவாயில்லை. தோலில் ஊசி ஒருமுறை இறங்கிவிட்டால் அந்தத் துளை ஆயுள் பரியந்தம் மூடாது.

அளவில்தான் பழைமைக்கும் இன்றைய மனிதருக்கும் நேரடியான சச்சரவு மூளுகிறது. முப்பதுகளின் ஆடவர் கால்சராயைத் தொப்புள் உயரத்துக்கு ஏற்றி அணிந்தார்கள். சட்டை இடுப்போடு நின்றாலும் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழவில்லை. இன்றைய ஜீன்ஸ் அதைவிட நான்கு விரற்கடை இறங்கியே நிற்கிறது. அதன் மேல் அசல் ஏ-2 அளவில் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால், உள்ளே இருக்கும் பனியன் உலகத்துக்கெல்லாம் தெரியும். எனவே உடலை ஓர் அங்குலமோ இரண்டங்குலமோ நீட்டுவதை நான் குற்றமாக எண்ண மாட்டேன். வைதிகர்கள் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

ஆனால் வேறொரு மாறுதலை எவ்வளவு கெஞ்சினாலும் செய்யக் கூடாது என்பேன். பழைய சட்டைகளின் கைக்குழி, அக்குளை ஒட்டி உயரமாக வெட்டப்பட்டிருக்கும். முதல்முறை அணிகிற இன்றைய மனிதர் அது இறுக்கமாக இருக்கிறதென்று முகம் சுளித்து, கைக்குழியை இறக்கிப் பெரிதாக்கச் சொல்கிறார். பெரிதாக்கினால் என்ன நேர்கிறது? கையைத் தூக்கும்போது கையோடு சேர்ந்து சட்டையின் உடல் முழுவதும் மேலே ஏறிவிடுகிறது. முன்னே நீட்டினால் முதுகு இழுக்கிறது. உயரமான கைக்குழியிலோ கை தன் பாட்டுக்கு அசைய, உடல் தன் இடத்தில் நிற்கும். விமானத்தின் இயக்குபிடியைப் பிடித்திருந்தவனுக்கும் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்திருந்தவனுக்கும் அது அவசியமாயிருந்தது. இதை இன்னும் சௌகரியமாக்க, அமெரிக்கக் கடற்படையினரின் ஜி-1 சட்டையில் முதுகின் இருபுறமும் விரிந்து சுருங்கும் மடிப்புகளை வைத்தார்கள். மோட்டார் சைக்கிள் சட்டைகள் பலவற்றில் அக்குளுக்குள் தனியாக ஒரு தோல் துண்டு தைத்தார்கள். கைக்குழியை இறக்கிக் கெடுத்துவிட்டு, காலரையும் பட்டனையும் மட்டும் பழைமை மாறாமல் காப்பாற்றும் சட்டைகள் சந்தையில் ஏராளம். அவை பழைய சட்டையின் புகைப்படங்களே தவிரப் பழைய சட்டைகள் அல்ல.

வெட்டுவதும் தைப்பதும் துணி வேலையிலிருந்து முற்றிலும் வேறான வித்தை. ஒரு மேற்சட்டைக்கு முப்பது முதல் நாற்பது சதுர அடித் தோல் பிடிக்கும். துணித் தானில் ஒரு கஜம் மற்றொரு கஜத்தைப் போலிருக்கும். தோலிலோ முதுகெலும்பை ஒட்டிய பகுதி உறுதியாயும், வயிற்றுப் பகுதி இழுத்தால் நீள்வதாயும், கழுத்துப் பகுதி சுருக்கம் விழுந்ததாயும் இருக்கும். வெட்டுகிறவர் தோலை வெளிச்சத்தில் விரித்து, உள்ளங்கையால் தடவி, முள் கீறிய தழும்பு எது, உண்ணி கடித்த வடு எது என்று சாக்கட்டியால் வட்டமிட்டு, முதுகுக்கும் முன்பக்கங்களுக்கும் நல்ல பகுதிகளை ஒதுக்கிவிட்டு, காலரின் அடிப்பாகம், பையின் உட்புறம் போன்ற மறைவான இடங்களுக்கு மற்றவற்றைக் கொடுப்பார். இரண்டு கைகளும் நீளத்தில் ஒத்திருந்தால் போதாது, ஒரே தன்மையுள்ள தோலாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் ஒரு கை நீண்டுவிடும்.

காலர் தைப்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்கலாம். மேல் துண்டும் கீழ்த் துண்டும் ஒரே அளவாக இருந்தால் மடிக்கும்போது நுனி வானத்தைப் பார்க்கும். ஆகவே கீழ்த் துண்டை இழையளவு சிறிதாக வெட்டுகிறார்கள். விளிம்புகளைச் சீவு கத்தியால் காகிதக் கனத்துக்குச் சீவி, சொல்யூஷன் தடவி, இரண்டையும் நல்ல பக்கம் உள்ளே வரும்படி ஒட்டித் தைத்து, கூர்முனையில் மிஞ்சிய தோலைக் கத்தரித்து, எலும்புக் கோலால் உள்ளிருந்து தள்ளிப் புரட்டி, பளிங்குக் கல்லின்மேல் வைத்துச் சுத்தியால் மெதுவாகத் தட்டுகிறார்கள். பலமாகத் தட்டினால் தோலின் முகம் நசுங்கிவிடும். தட்டாவிட்டால் விளிம்பு பருத்து, காலர் உப்பிக்கொண்டு நிற்கும். அதன் மேல் ஓடும் வெளித்தையல் அங்குலத்துக்கு எட்டுப் பத்துத் தையலுக்கு மேல் போகக் கூடாது. நெருக்கித் தைத்தால் பலம் கூடும் என்பது துணியில் உண்மை, தோலில் தபால் தலையின் ஓரம்போல் கிழிவதற்கு வழி செய்வதாகும்.

நூலிலும் ஜிப்பிலும் அபிமானிகள் இரு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் தைத்தது பருத்தி நூலால். அது வியர்வையில் இற்றுப்போகும். இன்றைய பாலியெஸ்டர் நூல் தோலைவிடவும் உறுதியானது. அதுதான் அதன் தோஷமும். சட்டை எங்கேனும் மாட்டி இழுபடும்போது பருத்தி நூல் தான் அறுந்து தோலைக் காப்பாற்றும், பாலியெஸ்டர் நூல் தான் நின்று தோலைக் கிழிக்கும். பாலியெஸ்டர் இழையைப் பருத்தியால் போர்த்திய நூல் நடுவழியாக இருக்கிறது, அதுவே போதும். ஜிப்பைப் பொறுத்தவரை, கிடியன் சண்ட்பேக் 1917-இல் உரிமம் பெற்ற இணைப்பி பின்னர் ‘டாலன்’ என்ற பெயரில் பென்சில்வேனியாவின் மீட்வில் நகரிலிருந்து உலகெங்கும் பரவி, பழைய ஏ-2 சட்டைகளில் பெரும்பாலானவற்றின் மார்பில் அமர்ந்திருக்கிறது. பழைய சட்டையில் முதலில் பழுதாகிறது ஜிப்புதான். ஜப்பானியர்கள் அந்த டாலனையே, இழுப்பானில் பொறித்த எழுத்துகள் உட்பட, மறுபடியும் வார்த்து உபயோகிக்கிறார்கள். எந்த ஜிப்பானாலும் சரி, தோலைப் பிரிக்காமல் கழற்றி மாற்றக்கூடியவாறு அதைப் பொருத்தியிருக்கிறார்களா என்பதே நான் கேட்கும் கேள்வி. உள்ளே மறைவாகக் கைப்பேசிக்கு ஒரு பை வைப்பதை இப்போது வைதிகர்கள்கூட ஆட்சேபிப்பதில்லை.

இடையில் நின்றுபோகாமலே வழங்கிவரும் சட்டை ஒன்றும் உண்டு. நியூயார்க்கில் 1913-இல் தொடங்கிய ஷாட் கம்பெனியின் இர்விங் ஷாட், 1928-இல் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கென ஜிப் வைத்த தோல் சட்டை ஒன்றைச் செய்து, தமக்குப் பிரியமான சுருட்டின் பெயரான ‘பெர்ஃபெக்டோ’ என்பதையே அதற்குச் சூட்டினார். அன்றைய விலை ஐந்தரை டாலர். 1953-இல் மார்லன் பிராண்டோ திரையில் அந்த வகைச் சட்டையோடு தோன்றியதும், அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள் சில அதைத் தடை செய்யும் அளவுக்கு வாலிபர்களிடையே மோகம் பரவியதும் பலர் அறிந்த கதை. அந்தச் சட்டையை இன்றுவரை விடாமல் தைத்துவருவதால் அதற்கு மறுபிறவி தேவைப்படவில்லை.

இனி, என் மனத்துக்கு ஒவ்வாத ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். புதுச் சட்டையைக் கல்லோடு சேர்த்து உருளையில் போட்டு உருட்டி, முழங்கையை உப்புத்தாளால் தேய்த்து, சாயத்தைத் துடைத்து, எழுபது வருஷத்துப் பழையது போலாக்கி, அதற்காகவே அதிக விலை வைத்து விற்கிறார்கள். இதில் இரண்டு அநியாயம் இருக்கிறது. முதலாவது, தேய்த்த இடத்தில் தோலின் மேல்முகம், அதாவது தோலுக்குக் காப்பாக அமைந்த இடம், விற்பதற்கு முன்பே பறிபோய்விடுகிறது. இரண்டாவது, மெய்யான தேய்வு ஒருவருடைய பழக்கத்தைப் பொறுத்து வருவது. வலக்கையால் பையைத் தோளில் மாட்டுகிறவருக்கு வலத்தோளிலும், மேஜையில் இடமுழங்கையை ஊன்றிப் படிக்கிறவருக்கு அந்த முழங்கையிலும் வரும். ஆலையில் வரும் தேய்வு யாருக்கும் உரியதல்லாத தேய்வு. அன்றைய ரஃப் வேர் கம்பெனியிலோ லெவி ஸ்ட்ராஸ் கம்பெனியிலோ எந்தத் தையற்காரனும் பழைய சட்டையைத் தைக்கவில்லை. புதிய சட்டையைத்தான் தைத்தான். அவனுடைய வேலையை உண்மையாகப் பின்பற்றுகிறவன், கண்ணாடியாய் மின்னும், விறைத்து நிற்கும், கொஞ்சம் சங்கடமான புத்தாடையைத்தான் நம் கையில் கொடுக்க வேண்டும். அதுபோலவே முத்திரைச் சீட்டிலும், பழைய கம்பெனியின் பெயரோடும் ஒப்பந்த எண்ணோடும் நின்றுவிடாமல், இதைத் தைத்தவர் இன்னார் என்பதையும் எங்கேனும் ஓர் ஓரத்தில் குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் இருபது வருஷம் கழித்து அது ஏமாளி ஒருவரிடம் அசலாக விலைபோகும்.

மலைநாட்டிலோ வடநாட்டிலோ வெளிநாட்டிலோ வசித்து, இப்படிப்பட்ட சட்டை ஒன்றைத் தைக்கக் கொடுக்க நினைக்கும் வாசகர்களுக்கு இரண்டொரு வார்த்தை. அளவு கொடுக்கும்போது நிமிர்ந்து நின்றபடி மட்டும் கொடுக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, முதுகின் அகலத்தையும் கையின் நீளத்தையும் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். சட்டைக்குள் வழக்கமாக அணிவதை அணிந்துகொண்டே போங்கள். வெட்டித் தள்ளிய தோல் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, அறுத்த விளிம்பின் நிறத்தைப் பாருங்கள். நகத்தால் கீறி, இரண்டு விரலால் மடக்கிப் பாருங்கள். முதல் மாதம் இறுக்கமாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடாமல் பொறுத்திருங்கள். சமவெளிக்கு வரும்போது மட்டும், அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் பூட்டிவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். அகலமான மரத் தாங்கியில் மாட்டி, பருத்தித் துணியால் மூடி, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள்.